ஆறு நிமிடம் பதினான்கு நொடி

வாட்ஸப்பில் நீல டிக்கை அணைத்துவிட்டால், நாம் எதைப் பார்த்தோம் எதைப் பார்க்கவில்லை என்பது அனுப்பியவருக்குத் தெரியாது என்று பேராசிரியர்கள் உட்படப் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. பூமி தட்டையானது என்ற நம்பிக்கைக்கு இணையான தவறு என்றே சொல்லலாம். ஆனால் தட்டையான பூமியை நம்பியவர்கள் அதனால் சொந்த வீட்டில் யாரிடமும் மாட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. எழுத்தில் வந்த செய்தியைப் படித்ததை மறைக்கலாம். குரலில் வந்த செய்தியைக் கேட்டதை மறைக்க முடியாது. கேட்ட மறுகணம், அனுப்பியவரின் திரையில், அந்தச் செய்தியின் ஓரத்தில் இருக்கும் சிறிய மைக் படம் சாம்பல் நிறத்திலிருந்து நீலமாகிவிடும். அதைத் தடுக்கப் பொத்தான் எதுவும் கிடையாது. திருச்சி கே.கே. நகரில், ஆரோக்கியத்தின் சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிவநேசன் இதை நன்கு அறிந்தவர். ஐம்பத்திரண்டு வயது, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கணினிகளும் இணைய இணைப்பும் அவர் பொறுப்பு. அறிந்தவர் என்பதால்தான், மகள் ஆதிரை புனேயிலிருந்து அனுப்பிய ஆறு நிமிடம் பதினான்கு நொடிக் குரல் செய்தியைப் பதினோரு நாட்களாகக் கேட்காமல் வைத்திருந்தார். கேட்காமல் என்பதைவிட நீலமாக விடாமல் என்பது சரி.

ஞாயிற்றுக்கிழமை, பத்தேமுக்கால். நாற்காலியில் ஒருவர் தலை நிறையக் கறுப்புச் சாயத்தோடு, அது காய்வதற்காக, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அடுத்த முறை சிவநேசனுடையது. அவருக்கு அடுத்தது பெஞ்சில் பக்கத்திலேயே இருந்த ஊதாச் சட்டைக்காரருடையது. அறுபது வயதுக்காரர், ஹெட்ஃபோன் இல்லாமல், முழுச் சத்தத்தில், ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார் என்பதே தவறு, சிவநேசன் நினைத்தார், பார்ப்பதென்றால் ஒரு தொடக்கமும் முடிவும் வேண்டும், இவர் கட்டைவிரலால் தள்ளுகிறார், அவ்வளவுதான், ஒருத்தி அழுகிறாள், தள்ளு, ஒருவன் பரோட்டா வீசுகிறான், தள்ளு, யானை குளிக்கிறது, தள்ளு, ஒருவன் பணக்காரனாவதற்கு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திரு என்கிறான், அவன் எழுந்திருப்பது மற்றவர்களை எழுப்பத்தான், தள்ளு. முன்பெல்லாம் ஒரு இணையப் பக்கத்துக்கு அடி என்று ஒன்று இருந்தது. கீழே இழுத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றுவிடும், அதற்குக் கீழே எதுவும் இல்லை, எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கலாம். அந்த அடியை எடுத்துவிட்டார்கள். கிணற்றுக்கு அடி இல்லை என்றால் அதைக் கிணறு என்று சொல்ல மாட்டோம், விபத்து என்போம். இதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். அதே சிரிப்புச் சத்தம் நாலாவது முறையாக வந்தது, எவனோ எப்போதோ ஒரு அறையில் சிரித்தது, பத்துக் கோடி வீடியோக்களுக்குப் பின்னால் ஒட்டப்பட்டு, அவன் செத்தும் போயிருக்கலாம், சிரிப்பு மட்டும் கே.கே. நகர் வரைக்கும் வந்துவிட்டது. குரலைப் பிடித்து வைப்பதே அநாகரிகம். எழுத்து அப்படியில்லை. எழுத்தை நாம் போய்ப் படிக்கிறோம், வேண்டிய வேகத்தில், வேண்டாததைத் தாண்டி. குரல் நம் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எழுந்திருக்க அது மனது வைக்க வேண்டும், ஆறு நிமிடம் பதினான்கு நொடி உட்காரும். ஆறு நிமிடத்தில் என்னென்ன செய்யலாம். ஒரு சர்வர் கணினியை அணைத்து மறுபடி ஏற்றலாம். இரண்டு முட்டை வேகும். காலையில் மனைவி வத்சலா முட்டையை உரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். வீடியோவில் ஆதிரை கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறாள் என்றாள், கேட்டால் கேமரா கோணம் என்கிறாளாம். கோணம்தான். கண்ணாடி வில்லை அகலமானதாக இருந்தால் ஓரத்தில் இருப்பது நீளும், நடுவில் இருப்பது உப்பும், இதை அவர் வத்சலாவுக்கு விளக்கினார், முட்டையை வைத்தே விளக்கினார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "ஃபோன்ல நம்பர் இருக்குல்ல, ஒரு தடவ கூப்ட்டாதான் என்ன" என்றாள்.

கூப்பிடுவது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவருடைய வீட்டுக்குள் நுழைந்து மணியடிப்பதற்குப் பெயர் அழைப்பு. மின்னஞ்சல் என்று ஒன்று ஐம்பது வருடமாக இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்லாதது, யாரும் யாருக்கும் போடலாம், வரிசையாக அடுக்கலாம், தேடலாம், இருபது வருடம் கழித்தும் எடுத்துக் காட்டலாம். அதை விட்டுவிட்டு ஜனங்கள் எங்கே போனார்கள் பார், ஒரு கம்பெனிக்காரன் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, அவன் கொடுத்த பச்சைக் கட்டத்துக்குள், காலை வணக்கம் என்று ரோஜாப்பூ அனுப்புகிறார்கள், ரோஜாப்பூவையும் இப்போது மெஷினே வரைகிறது, இதழ்மேல் நிற்கும் பனித்துளிக்குள் பிள்ளையார். இந்தச் சலூனுக்கே அவர் ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தார், போன வருடம், இலவசமாக. படம் இல்லை, விளம்பரம் இல்லை, உங்களைப் பின்தொடரச் சம்மதமா என்று கேட்கும் பெட்டி இல்லை, பழைய ஃபோனிலும் அரை நொடியில் திறக்கும், பெயரைப் போட்டு நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. எட்டு மாதத்தில் அதில் முன்பதிவு செய்தவர் ஒருவர். அந்த ஒருவர் பெஞ்சில் இப்போது உட்கார்ந்திருக்கிறார், பத்தரைக்குப் பதிந்திருந்தார், பத்தரைக்கு வந்தால் சாயக்காரர் நாற்காலியில் இருந்தார். ஆரோக்கியத்துக்கு எல்லோரும் குரலில்தான் அனுப்புகிறார்கள், அண்ணே கூட்டமா, வரலாமாண்ணே என்று. ஆரோக்கியம் ஒரு கையில் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டே, மறுகையில் ஃபோனை வாயருகே வைத்து, வாங்க வாங்க என்கிறான். எல்லோரையும் வாங்க என்கிறான். அதனால்தான் கூட்டம். இதை அவனிடம் அவர் புள்ளிவிவரத்தோடு சொன்னபோது, அவன் சீப்பைத் தட்டிவிட்டு, "சார் வாட்ஸப்புக்கே லெட்டர் போட்டுப் பெர்மிஷன் வாங்கிட்டுத்தான் வருவாரு" என்று கண்ணாடியில் இருந்த வாடிக்கையாளரிடம் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிவநேசனும் கொஞ்சம் சிரித்தார். சொன்னதில் பாதி உண்மை. ஆதிரையின் செய்தி வந்த அன்று அவர் அதைத் தொடவில்லை. கீழே, எழுதி அனுப்பு, என்று மட்டும் பதில் போட்டார், கூடவே தன் சொந்த இணையதளத்தில் இருக்கும் ஒரு கட்டுரைக்கு இணைப்பும் கொடுத்தார். கட்டுரையின் தலைப்பு, குரல் செய்தி ஏன் மரியாதைக் குறைவு: ஒன்பது காரணங்கள்.

அந்தத் தளத்துக்கு மாதம் மூன்று பேர் வருவார்கள். இரண்டு பேர் தேடுபொறிகளின் இயந்திரங்கள். வருபவர்களை உளவு பார்க்கும் நிரல் எதையும் அவர் அதில் வைக்கவில்லை, அது கொள்கை, வாசகனைப் பின்தொடர்வது கேவலம் என்று அதே தளத்தில் வேறொரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். ஆனால் சர்வர் தன்பாட்டுக்கு எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு, எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம். அதைப் பார்ப்பது உளவு ஆகாது, பராமரிப்பு. பராமரிப்புக்காகப் பார்த்தார். இணைப்பு அனுப்பிய இரண்டாவது நிமிடம் புனேயிலிருந்து ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தார். கட்டுரையின் நடுவே ஒரு வரைபடம் இருக்கிறது, கீழே இறங்கிப் போனால்தான் அது திரையில் ஏறும், பதிவேட்டிலும் விழும். அது ஏறவில்லை. அப்படியானால் முதல் காரணத்தைத் தாண்டவில்லை. அதற்கப்புறம் அவளிடமிருந்து எதுவும் இல்லை. எழுதவும் இல்லை, பேசவும் இல்லை. அவருக்கு அது பிடிவாதமாகப்பட்டது, அந்தப் பிடிவாதம் யாருடைய பக்கத்திலிருந்து வந்தது என்பதில் வத்சலாவுக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

சாயக்காரர் அசைந்தார். ஆரோக்கியம் அவர் காதோரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிஷம் என்றான், யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை. ஊதாச் சட்டைக்காரர் ஃபோனைச் சிவநேசனின் மூக்குக்கு நேரே நீட்டினார். வியாழக்கிழமை சூரியனிலிருந்து ஒரு கதிர் வருகிறதாம், அன்றைக்கு ஃபோனைச் சார்ஜில் போட்டால் வெடிக்குமாம், கீழே பெரிய விஞ்ஞானி ஒருவருடைய பெயரும் பத்துப் பேருக்கு அனுப்பவும் என்ற வேண்டுகோளும். சார் கம்ப்யூட்டர் ஆள் என்று ஆரோக்கியம் சொன்னானாம், இது நிஜமா என்று கேட்டார். பொய் என்றார் சிவநேசன். அதோடு விட்டிருக்கலாம். சூரியக் கதிர் என்றால் என்ன, சார்ஜர் என்றால் என்ன, அந்த விஞ்ஞானி அப்படி ஒரு துறையிலேயே இல்லை என்பது வரை போனார். ஊதாச் சட்டைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இல்ல சார், தெரிஞ்சவர்தான் அனுப்பிச்சாரு. நல்ல மனுஷன். பொய்யாவா அனுப்புவாரு" என்றார். இணையத்தின் மொத்தத் துயரமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது, தெரிந்தவர் அனுப்பினார், நல்ல மனுஷன். உண்மையா என்று யாரும் கேட்பதில்லை, யார் அனுப்பினார் என்று கேட்கிறார்கள், அனுப்பியவருக்குப் பதில் போட வேண்டுமே என்று பதற்றப்படுகிறார்கள், கைகூப்பும் படம் போடுகிறார்கள். வியாழக்கிழமை இந்த மனிதர் சார்ஜ் போட மாட்டார், ஃபோன் அணைந்துபோகும், அன்றைக்கு உலகத்தில் கொஞ்சம் அமைதி இருக்கும், அந்த அளவில் நல்ல பொய்தான்.

அமைதி. இந்தச் சொல்லைத் தொட்டிருக்க வேண்டாம். தொட்டால் அந்தக் கணக்கு வந்துவிடும், ஐந்து நாளாக எங்கே தொட்டாலும் வந்துவிடுகிறது. விஷயம் இதுதான். பதில் போட்டு ஆறாவது நாள், ஒரு யோசனை வந்தது, நல்ல யோசனை, தன்னையே மெச்சிக்கொள்ளும்படியான யோசனை. குரல் செய்தி என்பது ஃபோனின் ஒரு மூலையில் கிடக்கும் சாதாரணக் கோப்பு. அதை ஒயர் போட்டு வீட்டுக் கணினிக்கு இழுத்துவிட்டால், அங்கே அதை வைத்து என்ன செய்தாலும் வாட்ஸப்புக்குத் தெரியாது, மைக் சாம்பலாகவே இருக்கும். கணினியில் குரலை எழுத்தாக்கும் கருவி ஒன்று இருக்கிறது, கல்லூரிக் கூட்டங்களுக்காக அவரே அமைத்தது. முதல்வர் ஒன்றரை மணி நேரம் பேசுவார், பேச்சுக்கு நடுவே தண்ணீர் குடிப்பார், ஜன்னலைப் பார்ப்பார், என்ன சொல்ல வந்தேன் என்று தேடுவார். கருவி முதலில் இந்த வெற்றிடங்களையெல்லாம் வெட்டி எறியும், மிச்சத்தை எழுதிக்கொடுக்கும். எந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஒலியை மௌனம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று அது ஒரு எண் கேட்டது, அவர் ஒரு எண் கொடுத்தார். கூட்டம் பதினோரு நிமிடமாகச் சுருங்கியது. அந்தப் பதினோரு நிமிடமும் முதல்வருடைய பேச்சுதான் என்ற குறையை நீக்கும் கருவி இன்னும் வரவில்லை. ஆதிரையின் கோப்பை அதில் போட்டார். பன்னிரண்டு நொடியில் எழுத்து வந்தது. அப்பா நான்தான். சாப்பிட்டாச்சா. இங்க நல்ல மழை. ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். எழுதித்தான் பாத்தேன், வரல. சரி விடுங்க. வேலை எல்லாம் நல்லாத்தான் போகுது. அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க. ரொம்ப நாளாச்சு பேசி. வேற ஒண்ணுமில்ல. வெச்சிடறேன். இதை வாசித்துவிட்டு அவர் சிரித்தார். வென்றுவிட்டதாகவே நினைத்தார். இருபத்தேழு சொற்கள், ஒரு தபால் அட்டையின் முதுகில் எழுதிவிடலாம், இதற்கா ஆறு நிமிடம் பதினான்கு நொடி, இதைத்தானே ஒன்பது காரணங்களில் நாலாவதாகச் சொல்லியிருக்கிறேன். போய்ப் பல் தேய்த்தார். நுரையைத் துப்பும்போதுதான் கணக்கு வந்தது. ஆதிரை வேகமாகப் பேசுகிறவள். இருபத்தேழு சொற்களுக்கு இருபது நொடி போதும். மீதி ஐந்து நிமிடம் ஐம்பத்து நான்கு நொடி.

மறந்துபோய்ப் பதிவுப் பொத்தானைப் பூட்டிவிட்டிருப்பாள். எல்லோருக்கும் நடப்பது, ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள், அது பாட்டுக்குப் பதிந்துகொண்டிருந்திருக்கும், மோசமான வடிவமைப்பு, கட்டைவிரல் கொஞ்சம் மேலே நழுவினால் பூட்டிக்கொள்ளும். ஆனால் வெச்சிடறேன் என்பது கடைசியில் இருக்கிறது. மறந்துபோனவள் திரும்பிவந்து வெச்சிடறேன் என்பாளா. வெற்றிடம் கடைசியில் இல்லை, நடுவில் இருக்கிறது. எங்கே, எந்தச் சொல்லுக்கும் எந்தச் சொல்லுக்கும் நடுவில் என்று கருவி சொல்லாது, வெட்டியதை ஒட்டித் தைத்துவிடும், தையல் தெரியாது, தையல் தெரியாமல் இருப்பதைத்தான் அவர் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதித்தான் பாத்தேன், வரல. அவளுக்கா எழுத வராது. எட்டாம் வகுப்பிலேயே அவளுக்கு மின்னஞ்சல் முகவரி போட்டுக்கொடுத்தவர் அவர், குடும்பத்துக்கென்று தனி இணையப் பெயர் வாங்கி, சொந்தச் சர்வரில். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கையெழுத்து வேண்டுமென்றாலும் எழுதித்தான் கேட்க வேண்டும், பொருள் என்ற வரியை நிரப்பி. அழகாக எழுதுவாள். கல்லூரி இரண்டாம் வருடம் கோவையிலிருந்து ஒரு அஞ்சல் போட்டாள், நீளமாக, ஹாஸ்டல், சாப்பாடு, அறையில் கூட இருக்கும் பெண்கள், வகுப்பில் யாரோ சொன்ன ஒன்று, தூக்கம் வருவதில்லை, கடைசி வரியில், வீட்டுக்கு வந்துடட்டுமா. அவர் அதற்குப் பதில் எழுத ஒரு மாலை முழுவதும் எடுத்துக்கொண்டார். அலட்சியமாகப் பதில் போடவில்லை, அதை யாரும் சொல்ல முடியாது. அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, அதன் கீழே தன் பதிலை வைத்து, முறைப்படி, பதினான்கு பகுதிகள். தூக்கத்துக்குக் கீழே தூக்கத்தைப் பற்றி. கடைசி வரிக்குக் கீழே, செமஸ்டர் நடுவில் வருவது நடைமுறையில் இல்லை. அதற்கு அவள் எழுத்தில் பதில் போடவில்லை, அழைத்தாள், முன்னறிவிப்பு இல்லாமல். "நான் பேசினேன்ப்பா. நீங்க திருத்திட்டீங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். பிறகு படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அந்த முகவரி இன்னும் இருக்கிறது, சர்வரில் இடம் பிடித்துக்கொண்டு. ஆறு வருடமாக அதிலிருந்து எதுவும் வந்ததில்லை. அவர் தினமும் அதற்குக் காப்பு நகல் எடுக்கிறார்.

கேட்டுவிடலாம். கணினியிலேயே கேட்கலாம், வெட்டாத கோப்பு அங்கேயே இருக்கிறது, நீலமும் ஆகாது. ஐந்து நாளாக அது திரையின் இடது மூலையில் இருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்றால், கொள்கை. அது கொள்கை இல்லை என்பது அவருக்கு எப்போது தெரியும் என்றால், சுட்டியைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும், ஏதாவது ஒரு மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்விடும்போது.

பக்கத்தில் ரீல்ஸ் நின்றது. நின்றதும்தான் அது எவ்வளவு சத்தம் என்று தெரிந்தது. ஊதாச் சட்டைக்காரருக்கு ஒரு குரல் செய்தி வந்திருந்தது, அதையும் உலகம் கேட்கத் திறந்தார். ஒரு வாலிபனின் குரல், ஒரே ஒரு வரி, சாப்பிட்டேன்ப்பா. அதற்கப்புறம் இரைச்சல். தொடர்ந்து, ஒரே மாதிரி, தார்ச்சாலையில் ஏதோ கனமான ஒன்று உருள்கிற இரைச்சல், நடுவில் ஒரு தடவை ஹாரன். ஒரு நிமிடத்துக்கு மேல் அது ஓடியது. ஊதாச் சட்டைக்காரர் ஃபோனை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடி போட்டார். சிவநேசனுக்குப் பொறுக்கவில்லை. உங்க பையன் நிறுத்த மறந்துட்டாரு போல என்றார், கொஞ்சம் விஷமமாகத்தான். ஊதாச் சட்டைக்காரர் இல்லையென்று தலையாட்டினார். மகன் ஓமனில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறானாம், ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது, அதிகம் பேச்சு வராதாம் அவனுக்கு, சின்னதிலிருந்தே. "ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டான் சார். அதான் இத அனுப்புறான், வண்டிச் சத்தம். ஓடுதுல்ல, கேளுங்க. ஓடுதுன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம்."

இதற்கு ஒன்பது காரணங்களில் எது பதில் என்று சிவநேசன் தேடினார். ஒன்று, கேட்பவரின் நேரத்தை மதிப்பதில்லை. இரண்டு, பின்னால் தேடி எடுக்க முடியாது. மூன்று. மூன்றாவது என்னவென்று மறந்துவிட்டது, தான் எழுதியதே. அந்தக் கோப்பைத் தன் கருவியில் போட்டால் என்ன வரும் என்று நினைத்தார், சாப்பிட்டேன்ப்பா என்று ஒரே ஒரு சொல் வரும், வண்டி போய்விடும். ஓடுதுல்ல. கருவிக்கு அவர் கொடுத்த அந்த எண். அது முதல்வருக்காகக் கொடுத்தது, மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு முழங்கும் மனிதருக்கு, அந்த எண்ணை மாற்றாமலே அவளுடையதைப் போட்டுவிட்டார். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மௌனம் என்று கருவி முடிவு செய்யவில்லை, அதற்கு என்ன தெரியும், அவர் சொல்லிக்கொடுத்தார். மெதுவாகப் பேசியிருந்தால். அறையில் கூட ஆள் இருந்து, அல்லது இல்லாமலே, மெதுவாக. ஃபோனை எடுத்தார். ஆறு நிமிடம் பதினான்கு நொடி, பக்கத்தில் முக்கோணம், ஓரத்தில் மைக். ரீல்ஸ் மறுபடி தொடங்கியிருந்தது, பரோட்டா. அரைமணி நேரமாக இந்த மனிதருக்காக மனதுக்குள் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் இருந்தன, கூரானவை, பொது இடம், பிறர் காது, நாகரிகம் என்ற சொற்களெல்லாம் வரும். எதுவும் வரவில்லை. "கொஞ்சம் சத்தத்தக் கொறைங்களேன். என் பொண்ணு அனுப்பிச்சிருக்கா" என்றார்.

ஊதாச் சட்டைக்காரர் உடனே அணைத்தார். அதோடு நிற்காமல், சட்டைப் பையிலிருந்து, முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்த ஒரு ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினார், ஒயர் உள்ளது. வைத்திருக்கிறீர்களா, பிறகு ஏன் இத்தனை நேரம் என்று சிவநேசன் கேட்டார், அந்த நேரத்திலும் கேட்டார். "தனியாக் கேட்டா நல்லா இருக்காது சார்" என்றார் ஊதாச் சட்டைக்காரர். ஒயர் செருகும் ஓட்டை இல்லாத ஃபோனை வாங்குவதில்லை என்று சிவநேசனுக்கு ஒரு கொள்கை இருந்தது. செருகினார். அழுத்தினார்.

அப்பா நான்தான். சாப்பிட்டாச்சா. இங்க நல்ல மழை. மழை கேட்டது, தகரத்தில் விழும் மழை. எழுத்தில் அது வெறும் சொல்லாக இருந்தது. ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன், பிறகு ஒரு நீண்ட இடம், ஃபேன் சுற்றியது, எங்கோ குக்கர் ஒரு விசில், தெருவில் யாரோ மராத்தியில் யாரையோ கூப்பிட்டார்கள், அவள் மூச்சு. எழுதித்தான் பாத்தேன், வரல. மூச்சு. மூக்கை உறிஞ்சினாள், சளி, மழைக்காலம், சளி இல்லை. சரி விடுங்க என்றாள், விடவில்லை. வேலையைச் சொன்னாள், அம்மாவைச் சொன்னாள், ரொம்ப நாளாச்சு பேசி என்றாள், அதற்குள் மூன்று நிமிடம் போய்விட்டது, திரையில் ஒரு புள்ளி கோட்டின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது, அவர் அதைத் தள்ளவில்லை, இரண்டு மடங்கு வேகம் என்று ஒரு வசதி இருக்கிறது, அதையும் தொடவில்லை. நாலு நிமிடம் நாற்பதில், மழைக்கும் கீழே, ஃபோனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதுபோல, அவள் சொன்னாள், "அப்பா... வீட்டுக்கு வந்துடட்டுமா." பிறகு எதுவும் பேசவில்லை. அழவில்லை, அது கேட்டிருக்கும். கேள்வி கேட்டுவிட்டு ஒருவர் பதிலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த இடம். பதிவாகிக்கொண்டிருக்கும் ஒன்றில் எப்படிப் பதில் வரும், வராது என்று அவளுக்குத் தெரியும், ஒரு நிமிடத்துக்கும் மேல் காத்திருந்தாள். வேற ஒண்ணுமில்ல. வெச்சிடறேன்.

"சார், வாங்க" என்றான் ஆரோக்கியம். சாயக்காரர் எழுந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவநேசன் கையைக் காட்டி ஊதாச் சட்டைக்காரரைப் போகச் சொன்னார். ஹெட்ஃபோனைக் கழற்றினார், எழுத ஆரம்பித்தார். ஆதிரை, என்று போட்டார், காற்புள்ளி வைத்தார், நீ அனுப்பியதைக் கேட்டேன், என்று எழுதினார், எந்தத் தேதியில் அனுப்பியது என்று சேர்த்தார், தாமதத்துக்கான காரணத்தை முதலில் சொல்வதா கடைசியில் சொல்வதா என்று யோசித்தார், எல்லாவற்றையும் அழித்தார். கட்டைவிரலை மைக்கின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். அவர் வாழ்நாளில் அனுப்பிய முதல் குரல் செய்தி அது. நொடிகள் ஓடின. கத்தரிக்கோல் சத்தம், கதவைத் தாண்டிப் போன ஒரு பஸ், ஃபேன், ஊதாச் சட்டைக்காரர் ஆரோக்கியத்திடம் பின்னால் ரொம்ப எடுத்துவிடாதே என்றது, எல்லாம் அதில் போய் விழுந்தன. "கிளம்பி வா" என்றார். விரலை எடுத்தார். பதினேழு நொடி.

சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய மைக் அதன் ஓரத்தில் தோன்றியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊதாச் சட்டைக்காரர் முடித்துவிட்டு, ஹெட்ஃபோனைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வர்றேன் சார் என்று சொல்லிப் போனார். அதற்கப்புறம் இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேருக்கும் கையைக் காட்டினார். ஆரோக்கியம் இடையில் போட்டிருந்த ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு மைக் நீலமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் சலூன் ஒரு மணிக்கு மூடிவிடும். அன்று சிவநேசனுக்கு முடி வெட்டப்படவில்லை.